பூவாயி மதினியின் மூன்று நிமிஷப் பாட்டு

அன்பு குறையாத என் பூவாயி மதினிக்கு, உங்கள் வாயாடி நாத்தனார் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. நீங்கள் இருக்கிற இடத்தில் நலத்துக்கு என்ன குறைச்சல்? குறைச்சலெல்லாம் இங்கேதான். அண்ணன் இப்போது தானே ரொட்டி தட்டிச் சாப்பிடுகிறான். ஒன்றுகூட வட்டமாக வருவதில்லை. "வயித்துக்குள்ள போனா வட்டமென்ன, சதுரமென்ன" என்று வியாக்கியானம் வேறு. நீங்கள் இருந்தால் அந்த ரொட்டியாலேயே அவனை அடித்திருப்பீர்கள்.

வருகிற ஐப்பசியோடு நீங்கள் போய் இரண்டு வருஷம். இத்தனை நாளும் எழுதாதவள் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அதைப் பற்றிச் சொல்லுமுன் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். மறைவில் செய்ததை நாலு பேர் அறியச் சொல்வதுதான் நியாயம் என்று இதைப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். வாசிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. ஆகவே உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களிடம் சொல்லப்போகிறேன். தெரியாத மாதிரி கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் அரநாயக்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நிவித்திகலைக்கு என் அண்ணன் ராமையாவைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். உங்கள் அம்மா சின்னாயி இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். நாங்கள் இந்த நாட்டுக்குப் போட்டிருந்தோம். உங்கள் கல்யாணம் முடிந்த மறு வருஷம் அம்மாவுக்கும் தம்பிகள் இரண்டு பேருக்கும் அந்தப் பக்கத்துக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. தலைமன்னார் ரயில் ஏறும்போது அம்மா உங்கள் கையில் ஒரு மிளகாய்ப் பையைத் தந்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். எங்கள் மனு மட்டும் இன்றுவரை எந்த மேசையில் கிடக்கிறதோ.

அங்கே முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரோட்டு வேலை நடக்கும் ஊரிலிருந்து இன்னொன்று வந்தது. அதன் பிறகு நீங்கள் போட்டதெல்லாம் முத்திரை குத்தித் திரும்பி வந்தன. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் ஒரு பிள்ளை எத்தனை நாள்தான் கொழுந்து பறிக்கும்?

உங்களிடம் ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. "எங்கம்மா ரேடியோச் சத்தம் கேட்டா அடுப்புல இருக்கறதையும் மறந்துரும், லெச்சுமி. யாரு வீட்டு வாசலா இருந்தாலும் நின்னுரும்" என்பீர்கள். நம் வானொலி கடலைத் தாண்டி அங்கேயும் கேட்கும். நேயர்கள் தங்கள் ஊரில் சொந்தமாகக் கட்டிய பாட்டை ஒலிநாடாவில் அனுப்பலாம், இரண்டு நிமிஷத்துக்குக் குறையாமல், மூன்று நிமிஷத்துக்கு மிஞ்சாமல் என்று ஒரு நாள் அறிவித்தார்கள். நீங்கள் உரலில் இடித்துக்கொண்டிருந்த உலக்கையை அப்படியே சாய்த்து வைத்தீர்கள். "கடுதாசி போய்ச் சேரலைன்னா பாட்டு போய்ச் சேரட்டும்டி" என்றீர்கள்.

ஆனால் நம்மிடம் பாட்டு எங்கே இருந்தது? அண்ணனுடைய தப்பு மேளம் ஒன்றுதான் இருந்தது. எங்கள் அப்பா காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட பெரட்டுத் தப்பு அடித்தவர். அண்ணன் அவரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டது அந்த ஒரே அடி. எண்ணி நாலு விநாடி. அதையே திரும்பத் திரும்ப அடிப்பான். ஆள் சேரும் வரை அடிக்க வேண்டும், கணக்கப்பிள்ளை கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த சங்கீதம். "முடி" என்று நாம் சொன்னால் திருதிருவென்று விழித்தான். "நானா எப்படி முடிக்கிறது? யாராச்சும் நிறுத்தச் சொல்லணும்ல?" என்றான்.

நிவித்திகலைக் கடைவீதியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஹனீபா நானாவின் கடைக்குப் பக்கத்தில்தான் நான் தையல் மிஷின் மிதிக்கிறேன். திருவிழாக்களில் அவருடைய குழாய்களை மரத்தில் ஏற்றிக் கட்டுவது அண்ணன். அந்த உறவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தன் இரண்டு நாடா மிஷின்களையும் நமக்கு விட்டுக்கொடுத்தார். ஆனால் கொழுந்து கொட்டுகிற மாதங்களில் ஞாயிறும் ஃபேக்டரி ஓடியது. அண்ணன் ரோலரில் நிற்க வேண்டும். தப்பு அடிக்க ஆள் இல்லை.

அதற்கு நானாதான் வழி கண்டுபிடித்தார். அண்ணன் அடித்ததில் நாலு விநாடியை மட்டும் நாடாவில் பார்த்து எடுத்தார். கிட்டத்தட்ட இரண்டு முழம் வந்தது. "துணி வெட்டுற கையி, நீ வெட்டு புள்ள" என்று பிளேடை என்னிடம் தந்தார். வெட்டி, தலையையும் வாலையும் ஒட்டி, வளையமாக்கி, மிஷினில் ஒரு பக்கமும் சோடாப் போத்தலில் மறுபக்கமும் மாட்டினோம். அது சுற்றச் சுற்ற அண்ணனின் தப்பு நிற்காமல் கேட்டது. வளையம் போத்தலில் சிக்கும்போதெல்லாம் நீங்கள் மிஷினைப் பார்த்து, "பொட்டக் இன்ன, பொட்டக் இன்ன" என்று சிங்களத்தில் பொறுக்கச் சொல்வீர்கள். தமிழில் சொன்னால் அதற்குப் புரியாதோ மதினி?

முதல் தடவை செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அரை நிமிஷம் வெறும் தப்பு, பிறகு உங்கள் குரல் என்று ஒரு நாடா தயார் செய்தோம். மாரியம்மன் திருவிழாவுக்கு நானா குழாய் கட்டியிருந்தார். பூசை முடிந்த மத்தியானம் சும்மா போட்டுப் பார்ப்போம் என்று போட்டார். கீழ் டிவிஷன் பெண்கள் காதில் ஏறியது முதல் அரை நிமிஷத் தப்பு மட்டும்தான், மிச்சத்தைக் கேட்க அவர்கள் நிற்கவில்லை. பத்து நிமிஷத்தில் முப்பது பெண்கள் பண்டிகைச் சேலைக்கு மேலே கொழுந்து பறிக்கக் கட்டும் படங்கைச் சுற்றிக்கொண்டு, கூடையோடு மேடேறி வந்துவிட்டார்கள்.

அவர்களுக்குப் பின்னால் கணக்கப்பிள்ளை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். "எவன்டா பெரட்டுக்கு அடிச்சது? தொர கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்று குதித்தார். பெண்கள் அதைவிட மோசம். "அடி நாசமாப் போறவளே, சாமி கும்புடுற அன்னிக்கும் கூடையத் தூக்க வச்சுட்டியே!" என்று உங்களைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் கோயில் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். சிரித்து முடித்த பிறகு உங்கள் முகம் யோசனையாகிவிட்டது.

"இந்த அடியக் கேட்டாக் காலு தானா வேலைக்கு நடக்குது. அப்புறம் எவ காது பாட்டக் கேக்கும்?" என்றீர்கள். அண்ணன் வேறு அடி பழக ஒரு மாதம் கேட்டான். நானா நாடாவை வேறு இடத்தில் வெட்டி ஒட்டலாமா என்றார். நீங்கள் வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "வளையத்துக்கு ஏது நானா தலை? நான் எங்க பாட ஆரம்பிக்கிறேனோ அதானே தலை?" என்று சொல்லி, மூன்றாவது தட்டில் குரலைப் போட்டீர்கள். அதே நாடா, அதே அடிதான். ஆனால் பெரட்டு எங்கேயோ ஓடிப்போய்விட்டது. ஆட்டத்துக்கு அடித்த மாதிரி இருந்தது. நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது, சொல்லிவிடுகிறேன்.

அதோடு முடியவில்லை. நாலு விநாடியை மூன்று நிமிஷம் ஓட்டினால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? நானாவே இரண்டாவது நிமிஷத்தில் கொட்டாவி விட்டார். நீங்களோ ரொட்டியும் சம்பலும் கணக்காகப் பேசினீர்கள். "எல்லாத்தையும் முதல் வாயிலயே அப்பிக்கிட்டா அப்புறம் வெறும் ரொட்டிதான். தொட்டுத் தொட்டுத் திங்கணும்."

அப்படித்தான் கட்டினீர்கள். முதலில் தப்பே இல்லாமல் ஒரு முனகல். அது என்ன என்று காது தேடும்போது முதல் சரணம். 'மேட்டு லயத்து ஓரத்தில மொளகாச் செடி காய்ச்சிருக்கு, நட்டு வச்ச கையி மட்டும் நாடு விட்டுப் போயிருச்சே' என்று நீங்கள் பாடி முடித்த பிறகுதான் தப்பு உள்ளே வரும். அதற்காக நான் சத்தத்தைக் கூட்டும் திருகில் கை வைத்துக் காத்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது சரணத்தில் தகர டப்பாவில் பயறு போட்டு நான் குலுக்க வேண்டும். மூன்றாவதில் நடுவில் தப்பைச் சுத்தமாக எடுத்துவிடச் சொன்னீர்கள். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இருக்கிறதே ஒரு அடி, அதையும் எடுத்தால் என்ன மிஞ்சும்? "எடுத்தாத்தான்டி அது இருந்தது தெரியும்" என்றீர்கள். எடுத்தோம். திரும்பத் தப்பு வந்தபோது என் கையில் மயிர் சிலிர்த்தது. அதே நாலு விநாடிதான் மதினி!

முடிவுக்குத்தான் பெரிய பஞ்சாயத்து. நானா சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் காட்டினார். எல்லாப் பாட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள், ஷோக்காக இருக்கும் என்றார். நீங்கள் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுந்தே போய்விட்டீர்கள். திரும்பி வந்து, "ஆளு தூரமாப் போயிக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு நானா. எங்கம்மா அப்பிடித்தான் போச்சு. அது வேணாம்" என்றீர்கள். நானா அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நீங்கள் கட்டிய முடிவு நாலாவது சரணம். மூன்றாவது முடிந்ததும் வளையத்தை நிறுத்திவிட வேண்டும். உங்கள் குரல் மட்டும். கடைசி வார்த்தைக்குப் பிறகு அண்ணன் நேரில் ஒரே ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்த ஒரு தட்டுக்காக அவன் ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு வந்தான். யாரும் கையைத் தூக்காமல் அவன் ஒரு அடியைத் தானாக முடித்தது அன்றைக்குத்தான். அந்தச் சரணத்தை வாசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அரநாயக்கச் சின்னாயி
அருமை மக பூவாயி
நிவித்திகல மலையிலதான்
நெனப்போட நானிருக்கேன்
கப்பலேறிப் போன தாயே
காது கேட்டாக் கடுதாசி போடு.

அறிவிப்பாளர் பெயரைச் சொல்லாமல் விட்டாலும் பாட்டே சொல்லிவிடும். அம்மா கேட்காவிட்டாலும் அங்கே போய்ச் சேர்ந்த நம் ஆட்கள் யாராவது கேட்டு, சின்னாயியைத் தேடிப்பிடித்து, உன் மகள் பாடுகிறாள் என்று சொல்வார்கள். அத்தனை கணக்கும் அந்த ஆறு வரிக்குள் வைத்திருந்தீர்கள்.

அன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாம் இருவரும் நடந்தே தோட்டத்துக்குத் திரும்பினோம். நீங்கள் குதிக்காத குறை. "அம்மா கடுதாசி மட்டும் வரட்டும் லெச்சுமி, நானும் உங்கண்ணனும் எப்பிடியாச்சும் அங்க போயிருவோம்" என்றீர்கள். உங்களுக்கு அது பேச்சோடு பேச்சு. எனக்கு அப்படி இல்லை. அங்கே போனவர்களில் யார் திரும்பி வந்தார்கள்? அம்மா இல்லாமல் வளர்ந்தவள் நான். என் தலையில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தது நீங்கள். கடைவீதியில் சிங்களத்தில் பேரம் பேச என்னைத் தள்ளிவிட்டுப் பின்னால் நின்று சிரித்தது நீங்கள். என் காய்ச்சலுக்கு மூன்று நாள் பேர் வெட்டுப்பட்டு, சம்பளத்தை விட்டு, பக்கத்தில் இருந்தது நீங்கள். நாத்தனார் கொடுமை என்று ஊர் சொல்லும், எனக்கோ மதினி இல்லாவிட்டால் சோறு இறங்காது.

மறுநாள் நானா பார்சல் கட்டச் சொல்லி நாடாவை என்னிடம் தந்துவிட்டு இரத்தினபுரிக்குப் போயிருந்தார். கடையில் நான் தனியாக இருந்தேன். ஒரு தடவை போட்டுக் கேட்டேன். முழுப் பாட்டும் மூன்று நிமிஷத்துக்குள் அழகாக அடங்கியிருந்தது. பிறகு பிளேடை எடுத்தேன். மூன்றாவது சரணத்தின் கடைசித் தட்டோடு வெட்டினேன். வெட்டின துண்டைக் கடைக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் போட்டேன். மழை நாள், தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பார்சலைக் கட்டித் தபால் கந்தோரில் கொடுத்தேன். கை நடுங்கவே இல்லை மதினி. அதுதான் எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.

பாட்டு ஒலிபரப்பான அன்று வரிசை வீட்டு ஆட்களோடு லயமே நம் வாசலில் நின்றது. "நிவித்திகலைத் தோட்டத்திலிருந்து ராமையா குழுவினர்" என்றார் அறிவிப்பாளர். அண்ணனுக்கு நெஞ்சு ஒரு சாண் விரிந்தது. முதல் சரணம், இரண்டாவது, மூன்றாவது. தப்பு திரும்ப வந்தது, பெண்கள் கை தட்டினார்கள். தப்பு நின்றது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் குரலுக்காகக் காத்திருந்தீர்கள். அறிவிப்பாளரின் குரல் வந்தது.

நீங்கள் ரேடியோவை அணைத்தீர்கள். அழவில்லை. "மூணு நிமிசத்துல அடங்கலையோ என்னமோ. அவங்களும் என்ன செய்வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனீர்கள். நானும் கூட வந்து கோப்பை கழுவினேன். அப்போது சொல்லியிருக்கலாம். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையோடு பத்து நாள் கிடந்தீர்களே, பக்கத்தில் இருந்த அந்தப் பத்து நாளில் ஏதாவது ஒரு நாள் சொல்லியிருக்கலாம். "சொகமானதும் ரேடியோக்காரங்களுக்கு இன்னொரு நாடா அனுப்புவமா?" என்று கேட்டீர்கள். "அனுப்புவோம் மதினி" என்றேன். உங்களுக்குத் தெரிந்துதான் கேட்டீர்களா? இல்லை, தெரியாமலா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்.

உங்களைப் போக விடக்கூடாது என்றுதான் வெட்டினேன். நீங்கள் போய்விட்டீர்கள். எனக்கு இது வேண்டும்தான்.

இனி கடிதத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் வானொலியில் உங்கள் பாட்டைத் திரும்பவும் போட்டார்களாம். நாங்கள் இங்கே கேட்கவில்லை. அங்கே யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று உங்கள் அம்மா கேட்டிருக்கிறார். ஆமாம் மதினி, அம்மா இருக்கிறார். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து எழுதவைத்து, வானொலி நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் நம் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

கடிதத்தை அண்ணனுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். 'அன்பு மகள் பூவாயிக்கு அம்மா எழுதுவது. முனகும்போதே உன் குரல் என்று தெரிந்துவிட்டது. நீ சுகமாய் இருப்பது அறிந்து இரண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்லை. தம்பிகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. உனக்குப் பிள்ளைகள் எத்தனை? ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நீ எதையும் பாதியில் விடுகிற பிள்ளை இல்லையே, பாட்டை ஏன் பாதியில் விட்டாய்? மிச்சத்தை எழுதி அனுப்பு.'

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் அந்தக் கடைசி வரியை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று நிமிஷப் பாட்டில் ஆறு வரி இல்லை என்பது வானொலிக்காரர்களுக்குத் தெரியவில்லை, லயத்துக்குத் தெரியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே அந்த வரிகள் போயிருந்தால் நீங்கள் இருக்கும்போதே இந்தக் கடிதம் வந்திருக்குமா? யாரிடம் போய் நான் இதைக் கேட்பது?

அண்ணன் பதில் எழுத மாட்டான், அவனுக்கு மனசு தாங்காது. நானா எழுதித் தருவதாகச் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். இதை முடித்த கையோடு அம்மாவுக்கு நானே எழுதுகிறேன், இது உங்கள் மேல் சத்தியம். நீங்கள் இல்லை என்பதை முதலில் சொல்வேன். பிறகு அந்த ஆறு வரியையும் எழுதுவேன். குரலை வாய்க்காலில் விட்டவள் வார்த்தையை மட்டும்தான் அனுப்ப முடியும். அதற்குக் கீழே இப்படி எழுதுவேன்: உங்கள் மகள் எதையும் பாதியில் விடவில்லை அம்மா, வெட்டியது நான்.

உங்கள் கையால் தலை வாரப்பட்ட நாத்தனார்,
லெட்சுமி